வீடியோவுக்குள் இருக்கும் முகம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே கேட்கின்றன. வீடியோவில் இருக்கும் ஒருவரை நல்ல படமாக வெளியே எடுப்பது எப்படி? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி ஏன் ஓயாமல் வருகிறது என்று எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் காணி உறுதியையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எடுத்தார்கள். அல்பம் பாரமாக இருந்தது, அலுமாரியிலேயே கிடந்துவிட்டது. ஆனால் கலியாண வீட்டு வீடியோவின் ஒரு கொப்பி பல குடும்பங்களில் அதற்கு முன்பே லண்டனுக்கோ கனடாவுக்கோ போய்விட்டிருந்தது. இன்று அந்தக் கசற்றுகள்தான் எங்கள் அல்பங்கள். ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு வாசகி: அன்புள்ள அக்கா, என் அம்மா 1993இல் மாரடைப்பால் இறந்தபோது எனக்குப் பத்து வயது. அவரின் படங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. 1986இல் மானிப்பாயில் நடந்த மாமாவின் கலியாண வீடியோவில் அம்மா மணவறைக்குப் பக்கத்தில் நிற்கிறார், அறுகரிசி போடுகிறார், ஒருமுறை கமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். கனடாவில் உள்ள சின்னம்மா அந்தக் கசற்றை அங்கேயே டி.வி.டி.யாக மாற்றி அனுப்பினார். நிறுத்திப் பார்த்தால் சில இடங்களில் முகம் இரண்டாகத் தெரிகிறது. கை அசையும் இடமெல்லாம் கோடு கோடாக இருக்கிறது. ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தேன். பெரிதாக்கி, பளபளப்பாக்கித் தந்தார்கள். அது என் அம்மாவே இல்லை. வருகிற திவசத்துக்கு முன் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். முடியுமா?

முடியும், தங்கச்சி. சுவரை அடைக்கும் பெரிய படம் கிடைக்காது. ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடிய படம் கிடைக்கும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. காரணத்தை அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முகம் இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் கசற் அல்ல, அதை மாற்றிய விதம். எங்கள் நாட்டு வீடியோ ‘பால்’ (PAL) முறையில் பதிவானது. வினாடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றிலும் 576 வரிகள். கனடாவில் இருப்பது என்.ரி.எஸ்.சி. முறை. வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள், 480 வரிகள். 25ஐ 30 ஆக்க வேண்டுமானால் இல்லாத படங்களை எங்கிருந்தாவது உண்டாக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் கலந்துதான் பல இயந்திரங்கள் அதைச் செய்கின்றன. அம்மா தலையைத் திருப்பும் இடத்தில் முன்னைய முகமும் பின்னைய முகமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இப்படி ஒருமுறை கலந்துவிட்டதை எந்த மென்பொருளாலும் சரியாகப் பிரிக்க முடியாது.

ஆகவே இன்றே சின்னம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, மூலக் கசற் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பால் கசற்றைப் பால் முறையிலேயே கணினிக்கு ஏற்றித் தரும் கடையாகத் தேடி அவர் கொடுக்க வேண்டும். சொல்ல வேண்டியவை மூன்று: அளவு 720க்கு 576 படப்புள்ளிகள் (பிக்சல்); வினாடிக்கு 25 படங்கள்; டி.வி.டி.யாக அல்ல, கோப்பாகவே வேண்டும். அந்தக் கோப்பை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பக் கூடாது. அது போகும் வழியிலேயே நசுங்கிவிடும். வட்ஸ்அப்பில் ‘டொக்யுமென்ட்’ ஆக அனுப்பலாம், அல்லது யாராவது ஊருக்கு வரும்போது ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடலாம்.

கசற் இல்லை, டி.வி.டி. மட்டும்தான் என்றாலும் மனம் விட வேண்டாம். கலப்பு இல்லாத படங்கள் இடையிடையே வரும். டி.வி.டி.யின் உள்ளே இருக்கும் வி.ஓ.பி. கோப்புகளைக் கணினிக்குக் கொப்பி செய்து, வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். அம்மா சிரிக்கும் இடத்தில் நிறுத்தி, விசைப்பலகையில் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு படமாக நகரும். அவசரப்படாமல் பாருங்கள். ஒரே சிரிப்பில்கூட ஒரு படம் தெளிவாகவும் அடுத்தது மங்கலாகவும் இருக்கும். டி.வி.டி.யில் இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாப் படங்களையும் முழுமையாகப் பதிவதில்லை. ஒன்றை முழுமையாகப் பதிந்து, அடுத்தடுத்தவற்றில் மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்வார்கள். அந்த முழுமையான படத்தில் விழுந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ‘ஷிப்ட்’டும் ‘எஸ்’ஸும் சேர்த்து அழுத்தினால் படம் கணினியில் சேமிக்கப்படும். சேமிக்கும் வடிவம் பி.என்.ஜி. ஆக இருக்கட்டும். ஜேபெக்கில் சேமித்தால் ஏற்கெனவே நசுங்கியதை இன்னொருமுறை நசுக்குகிறோம்.

இனிக் கோடுகளின் விடயம். அக்காலக் கமரா ஒரு படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. ஒற்றை வரிகளை முதலிலும் இரட்டை வரிகளை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுக்கும். அசையாத முகத்தில் இது தெரியாது. அறுகரிசி போடும் கை அந்த இடைவெளிக்குள் நகர்ந்துவிடுவதால், விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாகிவிடுகிறது. போட்டோஷொப்பில் ‘ஃபில்டர்’ பட்டியலில் ‘வீடியோ’வுக்குள் ‘டி-இன்டர்லேஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அது ஒற்றை வரிகளை நீக்கவா, இரட்டை வரிகளை நீக்கவா என்று கேட்கும். இரண்டையும் செய்து பாருங்கள். ஒரே படத்திலிருந்து இரண்டு வேறு கணங்கள் கிடைக்கும். ஒன்றில் இமை பாதி மூடியிருக்கும், மற்றதில் திறந்திருக்கும். நீக்கிய வரிகளை நிரப்ப ‘இன்டர்பொலேஷன்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். போட்டோஷொப் இல்லாதவர்கள் இலவச கிம்ப் மென்பொருளில் ‘என்ஹான்ஸ்’ பட்டியலுக்குள் இதே வசதியைப் பெறலாம்.

இங்கே இரண்டு விடயங்களை ஸ்ரூடியோக்காரர்களே கவனிப்பதில்லை. ஒன்று, படத்தைப் பெரிதாக்கிய பின் இந்த வடிகட்டியைப் போட்டுப் பயனில்லை. பெரிதாக்கும்போது ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று கரைந்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. முதலில் வரி, பிறகுதான் அளவு. மற்றது, இந்த வடிகட்டி படத்தின் பாதி வரிகளை எறிந்துவிடுகிறது. கை மட்டும் அசைந்திருக்க, அசையாத முகத்தின் பாதியை ஏன் எறிய வேண்டும்? லேயரை, அதாவது படத்தின் அடுக்கை, இரட்டித்து, மேல் லேயருக்கு மட்டும் வடிகட்டியைப் போட்டு, அதில் வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் வைத்து, கை இருக்கும் இடத்தில் மட்டும் அது தெரியும்படி தூரிகையால் தடவுங்கள். முகம் முழு 576 வரியோடும் நிற்கும்.

அடுத்தது நான் மிகவும் நம்பும் வேலை. கசற்றை மூலத்தில் இருந்து திரும்ப ஏற்றிவிட்டீர்களானால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். ஒரு படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் அடுத்த படத்தில் அதே இடத்தில் இருப்பதில்லை. ஆனால் அம்மாவின் மூக்கு அதே இடத்தில் இருக்கிறது. அரை வினாடிச் சிரிப்பு என்றால் உங்களிடம் 12 படங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், மாறிக்கொண்டிருந்த புள்ளிகள் தேய்ந்து, மாறாத முகம் மேலே வரும். 9 படங்களைச் சேர்த்தால் புள்ளிகளின் வலு மூன்றில் ஒன்றாகும். 16 என்றால் நான்கில் ஒன்று.

போட்டோஷொப்பில் ‘ஃபைல்’, ‘ஸ்கிரிப்ட்ஸ்’, ‘லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக்’ வழியாகப் போய், சேமித்த படங்களை எல்லாம் ஒரே கோப்பில் லேயர்களாக ஏற்றுங்கள். எம்.பி.4 போன்ற கோப்பு கையில் இருந்தால் ‘இம்போர்ட்’ பட்டியலில் ‘வீடியோ ஃபிரேம்ஸ் டு லேயர்ஸ்’ மூலம் வேண்டிய பகுதியை நேரடியாகவே லேயர்களாக்கலாம். கமரா அசைந்து படம் முழுவதும் கோடு விழுந்திருந்தால், ஒவ்வொரு படத்திலும் கோட்டை நீக்கிவிட்டே அடுக்க வேண்டும். பின்னர் எல்லாவற்றையும் இருமடங்காகப் பெரிதாக்கி, ‘எடிட்’ பட்டியலில் ‘ஓட்டோ அலைன் லேயர்ஸ்’ கொடுங்கள். முகம் முகத்தோடு பொருந்தும். எல்லா லேயர்களையும் சேர்த்து ‘ஸ்மார்ட் ஒப்ஜெக்ட்’ ஆக்கி, ‘ஸ்டாக் மோட்’ என்பதில் ‘மீடியன்’ (நடு மதிப்பு) என்று வையுங்கள். பழைய நாடாவில் ஒரு படத்தில் மட்டும் வெட்டி மறையும் வெள்ளைக் கீறல்களையும் ‘மீடியன்’ சேர்த்தே அகற்றிவிடும்.

கிம்ப் வைத்திருப்பவர்கள் கணக்கால் இதைச் செய்யலாம். அடியில் உள்ள லேயரை 100 வீதத்தில் விட்டு, அதற்கு மேலுள்ளதை 50 வீதம், அடுத்ததை 33, அதற்கடுத்ததை 25, பிறகு 20 என்று ‘ஒபாசிட்டி’ அளவைக் குறைத்துக்கொண்டு போங்கள். இறுதியில் கிடைப்பது சரியான சராசரிதான்.

ஏன் முதலிலேயே இருமடங்காக்கச் சொன்னேன் தெரியுமா? அன்று வீடியோ எடுத்தவர் கமராவைத் தோளில் வைத்திருந்தார். அவர் மூச்சுவிட்டதற்கும் படம் ஒரு மயிரளவு நகர்ந்திருக்கும். ஒரு படத்தில் இரண்டு படப்புள்ளிகளுக்கு இடையே விழுந்து தொலைந்த புருவ மயிர், அடுத்த படத்தில் ஒரு படப்புள்ளிக்குள் விழுந்திருக்கலாம். பெரிதாக்கிப் பொருத்தும்போது அவை இரண்டும் சேர்கின்றன. இப்படிக் கிடைக்கும் தெளிவு எவரும் கற்பனையில் சேர்த்தது அல்ல. அன்று அந்தக் கமராவுக்குள் போன வெளிச்சத்திலிருந்தே வந்தது.

நிறம் பற்றி ஒரு சிறு குறிப்பு. பழைய வி.எச்.எஸ். நாடா வெளிச்சத்தை ஓரளவுக்கும் நிறத்தை மிகக் குறைவாகவும்தான் பதியும். அதனால் குங்குமப் பொட்டின் சிவப்பு, பொட்டை விட்டு ஒரு பக்கமாக வழிந்து நெற்றியில் நிற்கும். உதட்டிலும் அப்படியே. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் ‘லாப்’ (Lab) நிறமுறைக்குப் படத்தை மாற்றி, ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு நிறத் தளங்களை மட்டும் தெரிவு செய்து, பொட்டு தன் இடத்துக்கு வரும்வரை சில புள்ளிகள் நகர்த்துங்கள். அவற்றை மட்டும் சற்று மங்கலாக்கினால் கன்னத்தில் தெரியும் பச்சை, ஊதாத் திட்டுகளும் அடங்கும். வெளிச்சத் தளத்தைத் தொடாததால் முகத்தின் கூர்மை குறையாது.

முகம் ஒடுங்கியோ பருத்தோ இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்ய வேண்டும். பழைய வீடியோவின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 720க்கு 576 என்று வரும் பால் படத்தை 768க்கு 576 ஆக்கினால்தான் அம்மாவின் முகம் அம்மாவின் முகமாக இருக்கும். 720க்கு 480 என்ற கனடாப் படத்தை 640க்கு 480 ஆக்குங்கள். சந்தேகம் இருந்தால் அதே வீடியோவில் கமரா நேராகப் பார்க்கும் ஒரு சுவர்க் கடிகாரத்தைத் தேடுங்கள். அது வட்டமாக இருந்தால் அளவு சரி. படத்தின் அடியில் துடிக்கும் சில வரிகள் நாடா ஓடும் முறையால் வருபவை. வெட்டிவிடுங்கள்.

அச்சுக்குப் பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பார்கள். அந்தக் கணக்கில் உங்கள் வீடியோப் படம் முழுவதுமே இரண்டரை அங்குல அகலம்தான் வரும். 150 புள்ளிகளில் அச்சிட்டாலும் சுவரில் மாட்டி, இரண்டு முழத் தூரத்தில் நின்று பார்ப்பதற்கு அது போதும். முகத்தை மட்டும் இறுக்கி வெட்டாதீர்கள். தோளும் சேலைக் கரையும் தெரியட்டும். நாலுக்கு ஆறு அங்குலத்தில் அச்சிட்டு, அதைவிடப் பெரிய சட்டத்தில், அகலமான வெள்ளை மட்டை விளிம்புக்கு நடுவில் வையுங்கள். சிறிய படமாக இருந்தாலும் மரியாதையாக இருக்கும்.

இனி நீங்கள் எழுதிய அந்தப் பளபளப்பான படம். அதை நான் பார்க்கவில்லை, ஆனாலும் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மங்கலான முகத்தைக் கொடுத்தால் தெளிவான முகத்தைத் திருப்பித் தருகின்றன. எங்கிருந்து தருகின்றன? அவை முன்பு பார்த்துப் பழகிய ஆயிரமாயிரம் வேற்று முகங்களில் இருந்து. உங்கள் வீடியோவில் இமை மயிர் பதிவாகவே இல்லை என்றால், அது வரைந்த இமை மயிர் வேறு யாருடையதோ. பல்லுக்கு இடையே இருந்த நீக்கலை அடைத்துவிடும், கன்னத்து மச்சத்தை அழுக்கு என்று எடுத்துவிடும், ஒரு பக்கம் சற்று ஏறியிருந்த புருவத்தை மற்றதோடு சமப்படுத்திவிடும். பிள்ளை தாயை அடையாளம் காண்பதே அந்த நீக்கலாலும் மச்சத்தாலும்தான். விளம்பரப் பதாகைக்கு இந்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. வேறு படமே இல்லாத ஒருவரின் முகத்தில் அதைக் கை வைக்க விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உங்கள் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பூட்டியை அறியப்போகிறார்கள். அவர்களுக்கு மங்கலான உண்மை முகம் போதும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். யாருடைய படம் என்று சொல்லாமல், அம்மாவோடு பழகிய ஒருவரிடம் காட்டுங்கள். மாமாவிடமோ, பழைய அயலவரிடமோ. அவர் யோசிக்காமல் பெயரைச் சொன்னால் படத்தை அச்சுக்குக் கொடுக்கலாம்.

கொக்குவிலில் இருந்து ஓர் இளம் ஒளிப்பதிவாளர்: அக்கா, நாங்கள் எடுத்த ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் உறவினர்கள் குறுக்கே வந்ததால் போட்டோக்காரருக்கு நல்ல படம் கிடைக்கவில்லை. வீடியோவில் நன்றாக இருக்கிறது. அதிலிருந்து எடுத்து அல்பத்தில் வைக்கலாமா? அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

வைக்கலாம் தம்பி, சொல்லியே வையுங்கள். வீடியோவில் இருந்து எடுத்த படம் என்று சொன்னால் யாரும் கோபிக்கப் போவதில்லை. தாலி கட்டும் படமே இல்லாத அல்பத்தை விட அது எவ்வளவோ மேல். சொல்லாமல் வைத்து, பிறகு அவர்களே கண்டுபிடித்தால்தான் பேச்சு வரும்.

நீங்கள் 4கே அளவில் எடுத்திருந்தால் ஒவ்வொரு படமும் 3840க்கு 2160 புள்ளிகள், அதாவது சுமார் 83 இலட்சம். 300 புள்ளிக் கணக்கிலேயே 12 அங்குலத்துக்கு மேல் அகலம் வரும். அல்பத்துக்குத் தாராளம். முழு எச்.டி. என்றால் 1920க்கு 1080, அது ஆறு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும். பக்கத்தில் சிறு படமாக வையுங்கள்.

இனிவரும் வேலைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வினாடிக்கு 25 படங்கள் எடுக்கும்போது ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் விழும் நேரத்தை, வினாடியில் ஐம்பதில் ஒன்றாக வைப்பது வழக்கம். வீடியோவாக ஓடும்போது அது அழகு, நிறுத்திப் படமாக எடுத்தால் கை கலங்கியிருக்கும். தாலி கட்டும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் வினாடிக்கு 50 படங்கள், ஷட்டர் நூறில் ஒன்று என்று மாற்றுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஐம்பதில் ஒன்றும் நூறில் ஒன்றும் மண்டப விளக்குகளின் கீழே துடிப்பு இல்லாமல் வரும். அறுபதில் ஒன்று என்று வைத்தால் பட்டை பட்டையாக வரும். மேளம் உச்சத்துக்கு வருமுன் மாற்றிவிட வேண்டும், பிறகு உங்களுக்கு நேரம் கிடைக்காது. அறுகரிசி பறக்கும் படத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வோர் அரிசியும் அந்தரத்தில் உறைந்து நிற்கும் படம் எனக்குப் பிடிப்பதில்லை. விழுகிற அரிசி விழுவதாகவே தெரிய வேண்டும்.

நல்லூரில் இருந்து ஒரு மாணவி: நல்லூர்த் தேரைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்தேன். ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் மங்கலாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

ஸ்கிரீன்ஷொட் எடுப்பது வீடியோவை அல்ல, திரையை. திரையில் எத்தனை புள்ளிகள் உண்டோ அவ்வளவுதான் கிடைக்கும். நீங்கள் தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து, அகலமான வீடியோவைப் பார்த்திருந்தால் அதிலும் ஒரு துண்டுதான். கூகுள் போட்டோஸ் செயலியில் அந்த வீடியோவைத் திறந்து, ‘எடிட்’ அழுத்தி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, ‘எக்ஸ்போர்ட் ஃபிரேம்’ என்பதைக் கொடுத்தால் வீடியோவின் அளவிலேயே படம் வரும். கணினி இருந்தால் மேலே சொன்னபடி வி.எல்.சி.யிலும் எடுக்கலாம். கைத்தொலைபேசி வீடியோவில் ஒற்றை வரி, இரட்டை வரித் தொல்லை இல்லை. எனவே கோடு நீக்கும் வேலை எதுவும் தேவையில்லை.

அடுத்த வருடம் எடுக்குமுன் அமைப்புகளுக்குள் போய் வீடியோ அளவை 4கே ஆக்கிவிடுங்கள். தேர் 24ஆம் திருவிழாவன்று காலையில் வருவதால் வெயில் உங்களுக்குத் துணை. வெளிச்சம் கூடினால் தொலைபேசி தானாகவே ஷட்டரை வேகமாக்கும், வடம் பிடிப்பவர்களின் கைகள்கூடத் தெளிவாக நிற்கும். மாலைத் திருவிழாவில் அதே தொலைபேசியால் அது முடியாது.

பெயர், ஊர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்ட ஒரு வாசகி: உறவினர் வீட்டுச் சாமத்திய வீட்டு வீடியோவில் ஒரு பெண்பிள்ளை மிக இலட்சணமாக இருக்கிறாள். அவளின் படத்தை அதிலிருந்து எடுத்து, தெளிவாக்கி, வெளிநாட்டில் உள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மாமி சொல்கிறார். எப்படி எடுப்பது?

எடுக்க வேண்டாம். முதலில் அந்தப் பெண்ணிடமும் அவளின் பெற்றோரிடமும் கேளுங்கள். சம்மதித்தால் அவர்களே நல்ல படம் ஒன்றைத் தருவார்கள். சம்மதிக்காவிட்டால் விடயம் அத்தோடு முடிந்தது. அவள் விருந்தாளியாக வந்து நின்றாள். அதற்காக அவளின் முகம் யார் யாருடைய தொலைபேசிக்கோ போக வேண்டியதில்லை. மாமி மனம் நோவார் என்று யோசிக்காதீர்கள், நான் சொன்னதாகவே இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பருத்தித்துறையில் இருந்து ஒரு பெரியவர்: பிள்ளை, வீட்டுப் பரணில் பழைய வீடியோக் கசற்றுகள் சில கிடந்தன. கசற்றின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாவின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் இன்னும் வேலை செய்யும் ஒரு டெக் இருக்கிறது. போட்டுப் பார்த்து, வேண்டிய இடத்தில் ரி.வி. திரையைத் தொலைபேசியால் படம் பிடித்துக்கொள்ளலாமா?

ஐயா, தயவுசெய்து அந்த டெக்குக்குள் போட வேண்டாம். வெள்ளையாகத் தெரிவது பூஞ்சணம். எங்கள் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் கசற்றுக்கு அது எளிதில் பிடிக்கும். ஓடவிட்டால் நாடா ஒட்டிக் கிழியலாம். பூஞ்சணம் டெக்கின் தலையில் படிந்து, அடுத்துப் போடும் நல்ல கசற்றுக்கும் போய்விடும். உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் செய்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. அயலவரின் டெக் பழுதாகினால் புதிது வாங்க வழியில்லை. அதையும் நினைக்க வேண்டும்.

பூஞ்சணம் பிடித்தவற்றை நல்லவற்றில் இருந்து பிரித்து, காற்றோட்டமான, வெயில் நேராகப் படாத இடத்தில் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். நாடாவைத் துப்புரவு செய்து கணினிக்கு ஏற்றத் தெரிந்தவரிடமே கொடுங்கள். கொடுக்குமுன், அவர் முன்பு செய்த ஒரு கசற்றின் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முழுக் கசற்றையும் ஒரே ஓட்டத்தில் பதியச் சொல்லுங்கள். வேண்டிய இடத்தைப் பிறகு கணினியில் தேடிக்கொள்ளலாம், நாடாவை முன்னும் பின்னும் இழுக்கத் தேவையில்லை. திரையைத் தொலைபேசியால் படம் பிடித்தால் திரையின் புள்ளிகளும் தொலைபேசியின் புள்ளிகளும் மோதி, அலை அலையான வளையங்கள் முகத்தின் மேல் விழும். அதைப் பிறகு எடுப்பது பெரும்பாடு.

சின்னக் கசற்றுகளும் இருந்தால், அதாவது மினி டி.வி. என்று எழுதியவை, அவற்றைத் தனியாக எடுத்துக் கொடுங்கள். அவை எண்முறையில் பதிவானவை. ‘ஃபயர்வயர்’ என்ற வடம் உள்ள பழைய கமராவும் கணினியும் கிடைத்தால், ஒரு மணிநேரக் கசற் சுமார் 13 ஜி.பி. கோப்பாக, எந்த இழப்பும் இல்லாமல் இறங்கும். அதில் ஒவ்வொரு படமும் முழுமையாகவே பதிவாகியிருப்பதால் எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் ஒரே தரம்.

பெரிய கசற்றுகளின் முதுகுப் பக்கத்து ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அது இன்னும் முறியாமல் இருந்தால், யாரிடமும் கொடுக்குமுன் ஒரு திருப்புளியால் நெம்பி முறித்துவிடுங்கள். பிறகு தவறுதலாகக்கூட அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது.